நடன விடுதி உரிமம்: இங்கிலாந்துக் கவுன்சில்களின் ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

ஆடை களைந்து ஆடும் நடன விடுதிகளுக்கும், பாலியல் பொருட்கள் விற்கும் கடைகளுக்கும், அவ்வகைப் படங்களைக் காட்டும் திரையரங்குகளுக்கும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் வழங்குவது உள்ளூர்க் கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சில் இதற்குக் கட்டணம் வாங்குகிறது, படிவம் தருகிறது, அறிவிப்பு ஒட்டச் சொல்கிறது, விசாரணை நடத்துகிறது, முடிவு சொல்கிறது. ஆகவே வேறெந்தப் பொதுச் சேவையையும் போல இதையும் பயன்படுத்துவோரின் பக்கமிருந்து எடைபோடலாம். எங்கள் குடியிருப்பை ஒட்டிய கடைவீதியில் இத்தகைய விடுதி ஒன்று இருக்கிறது. அதன் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை எழுதியவர் என்ற முறையிலும், பின்னர் புதுப்பித்தல் விசாரணைகளைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கவனித்தவர் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். உரிமத்தின் ஆயுள் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்ற ஏற்பாடுதான் இந்தச் சேவையின் தலைசிறந்த பகுதி. விடுதிக்குள் ஆடும் பெண்களுக்கு இந்த நடைமுறையில் முறையான இடம் எதுவும் இல்லை என்பதுதான் அதன் மிகப் பெரிய ஓட்டை.

சட்டத்தின் வரலாறு சுருக்கமானது. 1982ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஒன்றின் மூன்றாம் அட்டவணை, பாலியல் பொருள் கடைகளையும் திரையரங்குகளையும் கவுன்சிலின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. நடன விடுதிகளின் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, மதுக்கடைக்குக் கிடைக்கும் அதே உரிமத்தை வைத்துக்கொண்டு லாப் டான்ஸ் (வாடிக்கையாளருக்கு மிக அருகில் ஆடும் நடனம்) விடுதியையும் நடத்த முடிந்தது. குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல் என்ற நான்கு காரணங்களுக்குள் அடங்காத எந்த ஆட்சேபணையையும் அந்தச் சட்டம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த இடத்துக்கு இது பொருந்தாது என்று ஒரு தெருவே சேர்ந்து எழுதினாலும் அது செல்லாத கடிதம்தான். ஆப்ஜெக்ட், ஃபாசெட் சங்கம் என்ற இரு பெண்ணுரிமை அமைப்புகள் இதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தன. அதைத் தொடர்ந்து வந்த 2009ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாலியல் கேளிக்கை விடுதி என்ற புதிய வகையை 1982 சட்டத்தின் அதே அட்டவணையில் சேர்த்தது. இங்கிலாந்தில் இது 2010 ஏப்ரலிலும் வேல்ஸில் அடுத்த மாதத்திலும் நடைமுறைக்கு வந்தது. பார்வையாளர் ஒரே ஒருவராக இருந்தாலும், அவரைப் பாலியல் ரீதியாகத் தூண்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட நேரடி நிர்வாணக் காட்சி என்றால் அதற்கு இந்த உரிமம் வேண்டும்.

இந்த அதிகாரத்தை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்தந்தக் கவுன்சில்தான் தீர்மானம் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் ஏற்காத கவுன்சில் தன் பகுதி மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது மட்டுமே சட்டத்தின் கட்டளை. ஏற்றுக்கொண்ட இடத்திலும் ஒரு விலக்கு இருக்கிறது: பன்னிரண்டு மாதங்களில் பதினொரு முறைக்கு மிகாமல், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்குள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு நடத்தினால் இந்த உரிமமே தேவையில்லை. எப்போதோ ஒரு நாள் நடக்கும் நிகழ்ச்சிக்காகச் செய்த ஏற்பாடு என்று இதை நியாயப்படுத்தலாம். ஆனால் மாதம் ஒருமுறை மேடை போடும் மதுக்கடையில் ஆடும் பெண்ணுக்கு, உரிமம் பெற்ற விடுதியில் அவளுக்குக் கிடைக்கும் தனி உடைமாற்றும் அறையோ அறைவாசல் காவலரோ சட்டப்படி உறுதியில்லை என்பதை எண்ணும்போது இந்த விலக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, பக்கத்தில் குடியிருப்பவருக்கு இந்தச் சேவை எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கலாம். விண்ணப்பித்த ஏழு நாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். கட்டடத்தின் மீதோ அருகிலோ பொதுமக்கள் எளிதாகப் படிக்கும் வகையில் 21 நாட்கள் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத் தேதியிலிருந்து 28 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். எங்கள் வீதியில் அந்த அறிவிப்பு கதவின் உட்புறக் கண்ணாடியில், இடுப்பு உயரத்துக்கும் கீழே ஒட்டப்பட்டிருந்தது. பகலில் விடுதியின் இரும்புத் தட்டி இறக்கப்பட்டிருக்கும்போது அதைப் படிக்கவே முடியாது. தட்டி ஏறும் நேரத்திலோ வாசலில் காவலர் நிற்பார், அவர் முன்னால் குனிந்து நின்று படிக்க அந்த வீதியில் எத்தனை பேருக்கு மனம் வரும்? பத்திரிகை வாங்குவோர் குறைந்துவிட்ட காலத்தில், பக்கத்துத் தெருக்களுக்குக் கடிதம் அனுப்பும் கடமையைச் சட்டம் கவுன்சிலின் மீது வைக்கவில்லை. சில கவுன்சில்கள் தாமாகவே முன்வந்து அனுப்புகின்றன. எங்களுடையது அனுப்பவில்லை.

ஆட்சேபணைப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவுன்சிலின் இணையதளம் எனக்குக் காட்டிய படிவம் 2003 சட்டத்துக்கானது. குற்றம், பாதுகாப்பு, தொல்லை, குழந்தைகள் என்று நான்கு பெட்டிகள் மட்டுமே அதில் இருந்தன. வட்டாரத்தின் தன்மை, பக்கத்தில் உள்ள கட்டடங்களின் பயன்பாடு ஆகிய இரண்டுக்காகவுமே புதிய சட்டத்தைக் கொண்டுவந்திருக்க, அவற்றை எழுதுவதற்கான பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை. நிரப்பி அனுப்பியபின் தானாக வந்த பதிலில், என் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படும் என்றிருந்தது. ஆட்சேபிப்பவரின் சம்மதமின்றி அவருடைய பெயரையோ முகவரியையோ விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கக் கூடாது என்று மூன்றாம் அட்டவணையின் பத்தாம் பத்தி தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பத்தியைக் குறிப்பிட்டு நான் எழுதியபின் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இரு சட்டங்களுக்கும் ஒரே தானியங்கிப் பதிலைப் பயன்படுத்திவந்ததை ஒப்புக்கொண்டு, என் பெயரை நீக்கினார். பண்பான மனிதர், அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் சட்டத்தைத் தேடிப் படிக்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் என்ன ஆயின என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

என்ன எழுதினால் செல்லும், எது செல்லாது என்பதிலும் மக்களுக்குக் கவுன்சில் உதவ வேண்டும். ஒழுக்கக் கண்ணோட்டத்தை மட்டுமே காரணமாகக் காட்டும் ஆட்சேபணையை ஏற்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகத்தின் 2010 வழிகாட்டி சொல்கிறது. பள்ளி விடும் நேரத்தில் அந்த வாசல் எப்படி இருக்கிறது, இரவு மூடும்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்களுக்கு என்ன நேர்கிறது, அருகில் என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று எழுதினால் அது வட்டாரத்தைப் பற்றிய சான்றாகிறது. இப்படி எழுத வேண்டும் என்று தெரியாமல் வெறும் கண்டனத்தை எழுதி அனுப்பியதால் ஒதுக்கப்பட்ட கடிதங்களை விசாரணை அறிக்கையில் வரிசையாகப் பார்த்தேன். கவுன்சிலின் இணையப் பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு போட்டிருந்தால் அவற்றில் பாதியாவது பயன்பட்டிருக்கும்.

விசாரணை என்ற கட்டம் இந்தச் சேவையின் முகம். நிராகரிப்பதற்கு முன் விண்ணப்பதாரரை அழைத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது சட்டம் அவருக்குத் தந்த உரிமை. ஆட்சேபிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் பேசுவது கவுன்சிலின் விருப்பத்தைப் பொறுத்தது. நடைமுறையில் பெரும்பாலான கவுன்சில்கள் சில நிமிடங்கள் தருகின்றன. முடிவு பிடிக்காவிட்டால் விண்ணப்பதாரர் 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம், வட்டாரத்தின் தன்மையையும் எண்ணிக்கை வரம்பையும் காரணமாகக் காட்டிய மறுப்பு தவிர. ஆட்சேபித்தவருக்கு அந்தக் கதவும் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் செலவுமிக்க சீராய்வு மனு ஒன்றே வழி. இத்தனை சமமின்மைக்கு நடுவிலும், நான் பார்த்த கவுன்சிலர்கள் பொறுப்போடு நடந்துகொண்டார்கள் என்றே சொல்வேன். தலைவர் ஒவ்வொரு நிபந்தனையையும் வாசித்து, விளம்பரப் பலகையின் வெளிச்சம் எதிர் மாடி வீட்டின் படுக்கையறைக்குள் விழுகிறதா என்பது வரை கேட்டார். வழக்கறிஞர் அடுக்கிய மொழியில் மயங்காமல் மேலாளரிடம் நேரடியாகக் கேள்வி வைத்தார்.

ஆனால் அதே அறையில்தான் இந்த ஏற்பாட்டின் ஓட்டையையும் கண்டேன். விடுதியில் ஆடும் பெண் ஒருவர் தன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் பெயர் எழுதிக்கொண்ட அலுவலர், "நீங்கள் விண்ணப்பதாரர் தரப்பா, ஆட்சேபணைத் தரப்பா?" என்று கேட்டார். "இரண்டும் இல்லைங்க, நான் அங்கே வேலை பார்க்கிறேன்" என்றார் அவர். அலுவலரின் தாளில் அதற்கு ஒரு பத்தி இல்லை. கடைசியில் ஆதரவாளர் என்று எழுதி உட்காரவைத்தார்கள். தலைவர் பெருந்தன்மையோடு முடிவில் இரண்டு நிமிடம் கொடுத்தார். தாமதமாக வந்தால் எவ்வளவு அபராதம், உடைமாற்றும் அறையின் கதவுக்கு ஏன் உள்தாழ்ப்பாள் இல்லை, வாடிக்கையாளர் எல்லை மீறினால் யாரிடம் சொல்வது என்ற மூன்றே விஷயங்களை அவர் பேசினார். அபராதம் பற்றி ஒரு கவுன்சிலர் மேலாளரிடம் கேட்டபோது, எல்லாம் விடுதியின் விதிப் புத்தகத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் புத்தகமோ விசாரணைக் கோப்பில் இணைக்கப்படவில்லை. அன்றைய விவாதத்தில் மிகவும் பயனுள்ள இரண்டு நிமிடங்கள் அவை.

இந்தத் தொழிலில் ஆடும் பெண்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்வோராகவே கருதப்படுகிறார்கள். விடுதியில் ஆடுவதற்கு ஒவ்வோர் இரவும் அவர்களே விடுதிக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். வருமானத்தில் கமிஷன் போகிறது. விதி மீறினால் அபராதம். 2012இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், லண்டன் விடுதி ஒன்றில் ஆடிய பெண் அந்த விடுதியின் ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது; விடுதிக்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கடமையே இல்லை என்பதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னது. அப்படியானால் அவர்களுடைய அன்றாட வேலையை நேரடியாகத் தொடும் எழுத்து விதி பெரும்பாலும் கவுன்சிலின் உரிம நிபந்தனைதான். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டீலா சாண்டர்ஸும் கேட் ஹார்டியும் நடனக் கலைஞர்களிடம் நேரடியாகப் பேசி நடத்திய ஆய்வு இந்தக் கட்டணங்களையும் அபராதங்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சில கவுன்சில்களின் நிபந்தனைகளில் கலைஞர்களின் நலன் பற்றிய வரிகள் இடம்பெற அது உதவியது. நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால் யாருக்காக எழுதப்பட்டவை என்பது உடனே தெரியும். தொடக் கூடாது, இத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும், வெளியிலிருந்து உள்ளே தெரியக் கூடாது, வீதியில் துண்டுச் சீட்டு கொடுக்கக் கூடாது என்பவை வீதிக்காகவும் சட்டத்துக்காகவும் எழுதப்பட்டவை. அபராதப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும், உடைமாற்றும் அறைக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது, வேலை முடிந்து போகும்போது வாகனம் வரை துணைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பவைதான் ஆடுபவருக்காக எழுதப்பட்டவை. எங்கள் கவுன்சிலின் நிபந்தனைப் பட்டியலில் முதல் வகைதான் பக்கம் பக்கமாக இருந்தது.

தனியறைகளில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்பது பல கவுன்சில்களின் நிபந்தனை. பாதுகாப்புக்கு அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பதிவை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை அதே கண்டிப்போடு எழுதாவிட்டால், பாதுகாப்புக்காக வைத்த கேமராவே அந்தப் பெண்களுக்கு அச்சமாகிவிடும். 2019இல் ஷெஃபீல்டு, மான்செஸ்டர் விடுதிகளில் அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட காணொளிகள் உரிமத்துக்கு எதிரான சான்றாக முன்வைக்கப்பட்டன. தங்கள் உருவம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க நடனக் கலைஞர்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் எந்தச் சேவையின் மதிப்பீடும் முழுமையாகாது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 2011–12இல் பாலியல் பொருள் கடை உரிமத்துக்குக் கேட்ட கட்டணம் 29,102 பவுண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு அதில் 2,667 பவுண்டுதான். மீதி 26,435 பவுண்டு, உரிமமின்றி நடத்துவோர்மீது நடவடிக்கை எடுப்பது உள்ளிட்ட நிர்வாகத்துக்கு. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உரிமம் பெற்றவர்களிடமிருந்து அந்தச் செலவை வசூலிப்பது தவறில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது; ஆனால் நிராகரித்தால் திருப்பித் தருவதாக இருந்தாலும் அதை விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 நவம்பரில் தீர்ப்பளித்தது. பல கவுன்சில்கள் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து வாங்குவதன் பின்னணி இதுதான். நியாயமான முடிவு என்பது என் கருத்து.

எண்ணிக்கை வரம்பு என்ற விஷயத்தில்தான் மக்களிடையே மிகப் பெரிய சண்டை. ஒரு வட்டாரத்தில் இத்தனை விடுதிகள்தான் இருக்கலாம் என்று கவுன்சில் முடிவு செய்யலாம். அந்த எண் சுழியமாகவும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பெல்ஃபாஸ்ட் கவுன்சில் சுழியம் என்று முடிவு செய்து ஒரு கடைக்கு உரிமம் மறுத்ததை 2007இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. எடின்பரோ கவுன்சில் 2022இல் எடுத்த அதே போன்ற முடிவை ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் ரத்து செய்தது. அந்த முடிவின் சட்ட விளைவைத் தவறாகப் புரிந்துகொண்டு கவுன்சில் வாக்களித்தது என்பது காரணம். நடனக் கலைஞர்களின் தொழிற்சங்கம் அந்த வழக்கில் பங்கெடுத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், போர்ன்மவுத், கிறைஸ்ட்சர்ச், பூல் ஆகிய ஊர்களின் கூட்டுக் கவுன்சில் விடுதிகளுக்கு இடமளித்து வகுத்த கொள்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெண்களின் சமத்துவம் குறித்து வந்த ஆட்சேபணைகளைச் சமத்துவச் சட்டம் கேட்கும் அக்கறையோடு கவுன்சில் பரிசீலிக்கவில்லை என்பது அங்கே காரணம். ஒரு வழக்கில் விடுதித் தரப்பும் அங்கே ஆடுபவர்களும் வென்றார்கள், மற்றொன்றில் விடுதியை எதிர்த்தவர் வென்றார். இரண்டிலும் தோற்றது அரைகுறையாகப் படித்துவிட்டு வாக்களித்த கவுன்சில்.

அமெரிக்க நகரங்கள் வேறு பாதையில் போயின. டெட்ராய்ட் 1972இல், இத்தகைய இரண்டு இடங்களுக்கு 1,000 அடிக்குள் மூன்றாவது வரக் கூடாது என்று விதித்தது. 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. பாஸ்டன் 1974இல் இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்துக்குள் அடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் நகரம் வீடு, பள்ளி, தேவாலயம், பூங்கா ஆகியவற்றிலிருந்து 1,000 அடி தள்ளச் சொன்னது. அதன்பின் எஞ்சிய 520 ஏக்கர், நகரப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம், போதுமானது என்று 1986இல் தீர்ப்பு வந்தது. அடிக்கணக்கு தெளிவானது, யாரும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விடுதி எங்கே இருக்கலாம் என்பதற்கு மட்டும்தான் அது பதில் சொல்கிறது. உள்ளே எப்படி நடக்க வேண்டும் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை மேசைமீது வைத்துக் கேட்கும் வாய்ப்பு இங்கிலாந்தின் முறையில் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இது மேலானதாகத் தோன்றுகிறது.

அந்த ஓராண்டு வரம்பின் வலிமையை ஆக்ஸ்ஃபோர்டு வழக்கு காட்டியது. முன்பு உரிமம் கொடுத்த விடுதிக்கே, சூழ்நிலை மாறாதபோதும், புதிய குழு புதிய பார்வையோடு பரிசீலித்து மறுக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. முந்தைய முடிவைக் கணக்கில் எடுத்து, ஏன் மாறுபடுகிறோம் என்பதைச் சொன்னால் போதும். முதலீடு செய்தவருக்கு இது கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தான் எங்கள் வீதி விடுதி ஒரு புதுப்பித்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே விளம்பரப் பலகையின் வெளிச்சத்தைக் குறைத்தது, கலைந்து போகும் நேரத்தில் வாசலில் இன்னொரு காவலரை நிறுத்தியது, உடைமாற்றும் அறைக்குத் தாழ்ப்பாளும் போட்டது.

இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்கள் 28 நாள் கெடு விண்ணப்பத் தேதியிலிருந்து ஓடுகிறது, அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் விசாரணைக்கு ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் கோப்பு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விடுதியின் விதிப் புத்தகமும் அபராதப் பட்டியலும் அதில் இல்லாவிட்டால் இணைக்கச் சொல்லி உங்கள் கவுன்சிலருக்கு எழுதுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எழுதுவதானால், பெயரை மறைக்கும் அந்தப் பத்தாம் பத்தி ஆட்சேபிப்பவரை மட்டுமே குறிப்பிடுகிறது, ஆதரவுக் கடிதத்தைக் குறிப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் வெளியிட மாட்டோம் என்று உரிம அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்கியபின் கடிதத்தை அனுப்புவதே பாதுகாப்பானது.